நன்னூல் வழியே ஸ்பானிய எதிர்காலம்

திண்டுக்கல்லில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறு வாசகர் வட்டத்துக்குச் சென்ற மாதம் ஒரு மாணவி வந்திருந்தார். வேடசந்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிக் கல்வி. இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மார்க்வெஸ்ஸையும் போர்ஹெஸ்ஸையும் தமிழில் படித்துவிட்டு, மூலத்திலேயே படித்தால் எப்படியிருக்கும் என்ற ஆசையில் இணையவழி ஸ்பானிய வகுப்பொன்றில் பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறார். மூன்றாம் மாதத்தில் நின்றுவிட்டார். எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேட்டோம். "எதிர்காலத்தில், ஐயா" என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். கொமேர் என்றால் உண்ணுதல். அதற்கு எதிர்கால வடிவங்கள் ஆறு: கொமெரே, கொமெராஸ், கொமெரா, கொமெரேமோஸ், கொமெரேயிஸ், கொமெரான். ஒவ்வொன்றின் எதிரிலும் ஆங்கிலத்தில் ஐ வில் ஈட், யூ வில் ஈட் என்று நீண்ட வரிசை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "வில் எங்கே? ஐ எங்கே?" வகுப்பில் கேட்டபோது, அதெல்லாம் கேட்கக் கூடாது, மனப்பாடம் செய்ய வேண்டும் என்று பதில் வந்ததாம்.

கேள்வி நியாயமானது. ஆங்கிலத்தில் மூன்று தனிச் சொற்களாக நிற்பது ஸ்பானியத்தில் ஒரே சொல்லாக ஒட்டி நிற்கிறது. ஆங்கிலேயருக்கு அது புதுமை. ஆகவே அவர்களுக்காக எழுதப்பட்ட பாடநூல்கள், ஒரு வினைச்சொல்லின் வாலிலேயே 'யார்' என்பதும் அடங்கிவிடும் என்று பக்கம் பக்கமாக விளக்குகின்றன. எழுவாயைச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று வியக்கின்றன. 'உண்பேன்' என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? நம் பிள்ளை தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை, அது தெரியாதவர்களுக்காக எழுதப்பட்ட விளக்கத்தின் வழியே, தனக்குச் சரளமாக வராத மூன்றாவது மொழியில் படிக்கிறது. குழம்பாமல் என்ன செய்யும்?

அன்று கையிலிருந்த நூல் விமரிசனத்தை ஒத்திவைத்துவிட்டுக் கரும்பலகையை இழுத்துப் போட்டோம். ஊருக்கு ஏற்ற சொல்லாக இருக்கட்டும் என்று 'பூட்டு' என்பதை எடுத்துக்கொண்டோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு பெயர்ச்சொல். அதுவே ஏவல் வினையுமாகும். பூட்டு என்ற பகுதியோடு வ் என்னும் இடைநிலையும் ஏன் என்னும் விகுதியும் சேரப் பூட்டுவேன். எதிர்கால இடைநிலை ப், வ் என்று நன்னூலார் இரண்டே எழுத்தில் முடித்துவிட்டார். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்ற பகுபத உறுப்புகள் ஆறையும் அந்த மாணவி மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பள்ளியில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவர். மதிப்பெண்ணுக்கு அப்பால் இது ஒரு கருவி என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இனி ஸ்பானியம். பூட்டுதல், மூடுதல் ஆகியவற்றுக்கு அங்கே செர்ரார். நிகழ்காலத்தில் இது முரண்டு பிடிக்கும் வினை; உயிர் திரிந்து சியெர்ரோ என்றாகும். எதிர்காலத்தில் அந்த முரண்டு கிடையாது. செர்ரார் என்ற முழுச்சொல்லையும் அப்படியே பகுதியாக வைத்து, எ, அஸ், அ, எமோஸ், எயிஸ், அன் என்ற ஆறு விகுதிகளையும் ஒட்ட வேண்டியதுதான்: செர்ரரே, செர்ரராஸ், செர்ரரா, செர்ரரேமோஸ், செர்ரரேயிஸ், செர்ரரான். ஸ்பானிய வினைகள் அர், எர், இர் என்று முடியும் மூன்று குடும்பங்களாகப் பிரியும். பிற காலங்களில் குடும்பத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு. எதிர்காலத்தில் மூன்றுக்கும் விகுதி ஒன்றே. பேசுதலாகிய அப்லார் அப்லரே ஆகும். உண்ணுதலாகிய கொமேர் கொமெரே ஆகும். வாழ்தலாகிய விவிர் விவிரே ஆகும். அழுத்தம் எப்போதும் விகுதியின் மேல் விழும். எழுத்தில் அதைக் காட்ட ஐந்து வடிவங்களுக்கு உயிரின் மேல் சிறு கோடு இடுவார்கள். எமோஸ் என்ற தன்மைப் பன்மைக்கு மட்டும் கோடு தேவைப்படுவதில்லை. ஒழுங்கான வினையின் எதிர்காலம் இவ்வளவே. லத்தீன் அமெரிக்க நாடுகளில் எயிஸ் என்ற வடிவம் பொதுவழக்கில் இல்லை. அங்கே ஐந்து போதும்.

"இடைநிலை எங்கே, ஐயா?" என்றார் மாணவி. இந்தக் கேள்விக்காகவே அந்தக் கூட்டம் நடந்தது என்று எங்களுக்குத் தோன்றியது.

இடைநிலை ஒளிந்திருக்கிறது. அதைக் காண வரலாற்றுக்குள் சற்றுப் போக வேண்டும். இலத்தீனுக்கு ஒரு பழைய எதிர்காலம் இருந்தது. அதன் முதலிரண்டு வினைக்குடும்பங்களில் ப என்ற ஒலியே கால இடைநிலை. (தமிழிலும் ப்தான் என்று கண்டவுடன், இலத்தீன் தமிழிலிருந்து பிறந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். ஒலி ஒன்றுபட்டது தற்செயல். இத்தகைய தற்செயல்களைக் கொண்டு நூல் எழுதியவர்களால் தமிழுக்கு நேர்ந்த அவப்பெயர் போதும்.) பேச்சு வழக்கில் அந்த எதிர்காலம் தேய்ந்து அழிந்தது. அதன் இடத்தில் மக்கள் 'உண்ண' என்ற எச்ச வடிவோடு 'உடையேன்' என்ற பொருள்தரும் துணைவினையைச் சேர்த்துப் பேசத் தொடங்கினர். அந்தத் துணைவினையின் இன்றைய ஸ்பானிய வடிவம் அபெர். அதன் நிகழ்காலம் எ, அஸ், அ, எமோஸ், அபெயிஸ், அன். அபெயிஸ் என்பதன் முன்பகுதி உதிர்ந்து எயிஸ் ஆனது தவிர, மேலே கண்ட விகுதிகள் ஆறும் இவையே. ஆக, கொமெரே என்பது 'உண்ண உள்ளேன்' என்ற இரு சொற்கள் புணர்ந்து இறுகியது. 1492இல் தம் கஸ்தீலிய இலக்கணத்தை அச்சிட்ட அந்தோனியோ தெ நெப்ரிஹா இதைக் கண்டு சொல்லிவிட்டார். பழைய கஸ்தீலிய ஏடுகளில் இந்த ஒட்டு முழுதும் இறுகாமல், பகுதிக்கும் விகுதிக்கும் நடுவில் 'அதை', 'உனக்கு' போன்ற சிறு சொற்கள் நுழைவதைக் காணலாம். போர்த்துக்கீசிய எழுத்துவழக்கில் இன்றும் அப்படி நுழைவதுண்டு.

'முதல்வர் நாளை திண்டுக்கல் வர உள்ளார்' என்று நம் நாளேடுகள் நாள்தோறும் எழுதுகின்றன. 'வரவிருக்கிறார்' என்றும் எழுதுகின்றன. எச்சத்தோடு ஓர் இருப்பு வினையைச் சேர்த்து எதிர்காலம் காட்டும் அதே தச்சு வேலைதான். நம்முடையதில் பசை இன்னும் காயவில்லை. ஸ்பானியர் பேச்சில் இன்று இதைவிட மிகுதியாக வழங்குவது, 'போகிறேன்' என்ற வினையை வைத்துச் சொல்லும் இன்னொரு வடிவம்: வொய் ஆ கொமேர். அதற்கு நேரான தமிழ் 'சாப்பிடப் போகிறேன்'. இங்கே ஆங்கிலமும் நம்மோடு வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலம் நம்மை விட்டுப் பிரியும் இடம் வேறு. திண்டுக்கல் சந்திப்பில் வைகைக்குக் காத்திருக்கிறோம். "கொடைரோடு தாண்டியிருக்கும்" என்கிறார் பக்கத்தில் இருப்பவர். "மணி என்ன?" "எட்டு இருக்கும்." "தம்பி எங்கே?" "வீட்டில் இருப்பான்." இந்த மூன்றில் ஒன்றாவது வருங்காலத்தைப் பற்றியதா? மூன்றும் இந்த நொடியைப் பற்றிய, அல்லது கழிந்த நொடியைப் பற்றிய ஊகங்கள். எதிர்கால வடிவத்தை ஊகத்துக்குப் பயன்படுத்துவது நமக்கு மூச்சு விடுவது போன்றது. ஸ்பானியரும் மணி எட்டு இருக்கும் என்பதை 'இரு' வினையின் எதிர்காலத்தாலேயே சொல்வார்கள்: செரான் லாஸ் ஓச்சோ. வீட்டில் இருப்பான் என்பது எஸ்தரா என் காசா. தாண்டியிருக்கும் என்பது அப்ரா பசாதோ. அபெர் என்ற துணைவினையின் எதிர்காலமும் முற்றுப்பெற்ற வினையின் எச்சமும் சேர்ந்தது. 'தாண்டி'யோடு 'இருக்கும்' சேர்ந்தது போலவே. ஆங்கிலவழி நூல்கள் இந்த ஊகப் பொருளை மேல்வகுப்புக்கு உரிய சிறப்பு வழக்கு என்று ஒதுக்கி, மஸ்ட் பி, ப்ராபப்லி என்றெல்லாம் சுற்றி வளைக்கின்றன. நம் மாணவிக்கு இதை விளக்க ஒரு நிமிடம் ஆயிற்று. "இவ்வளவுதானா?" என்றார்.

இன்னோர் ஒற்றுமை எங்களையே நிமிர்ந்து உட்கார வைத்தது. கொமெரா என்ற ஒரே வடிவம் அவன், அவள், அது மூவர்க்கும் பொது. உண்பான், உண்பாள் என்று பால் பிரித்துப் பழகியவர்க்கு இது குறையாகத் தோன்றும். ஆனால் நம் இலக்கணத்தில் 'செய்யும்' என்னும் வாய்பாட்டு முற்று உண்டல்லவா? அவன் உண்ணும், அவள் உண்ணும், அது உண்ணும் என்று செய்யுளில் வரும். அதுவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் பலர்பாலுக்கும் வாராது. அவை உண்ணும் என்பதற்கும் அது வரும், கொமெரா வாராது. அந்த ஒன்று தவிர எல்லை ஏறத்தாழ ஒன்றே. தொல்காப்பியர் காலத்து வழக்கை வைத்துக்கொண்டு போகோட்டாவின் வழக்கை ஒரு பிள்ளைக்கு விளங்கவைக்க முடிகிறது. பாடநூல் எழுதுவோர் யாரும் இதை ஏன் பயன்படுத்தவில்லை?

நிற்க. தமிழ் வழி எல்லாம் சமதளம் என்று சொன்னால் அது பொய். தமிழும் சில இடங்களில் பள்ளத்தில் தள்ளும். கொமெரான் என்பது 'அவர்கள் உண்பார்கள்' என்று பொருள்படும் பன்மை. நம் காதுக்கு ஆன் என்ற ஈறு ஆண்பால் ஒருமையாகவே கேட்கும். இதைப் பழகியே தீர வேண்டும். 'தாத்தா அந்தக் காலத்தில் தினமும் கோட்டை மலையைச் சுற்றி நடப்பார்' என்று கழிந்துபோன வழக்கத்தையும் நாம் எதிர்கால வடிவத்தால் சொல்கிறோம். ஸ்பானியத்தில் அப்படிச் சொன்னால் தாத்தா இனிமேல்தான் நடக்கத் தொடங்குவார்; அங்கே இதற்குத் தனியாக ஒரு தொடர் இறந்தகாலம் உண்டு. 'நீ வரும்போது சாப்பிடுவோம்' என்பதில் 'வரும்' என்பதை எதிர்காலத்தில் வைக்கத் தமிழ்க் கை பரபரக்கும். ஸ்பானியம் அங்கே எதிர்காலத்தை ஏற்காது. நிகழுமோ நிகழாதோ என்னும் நிலையில் உள்ளவற்றுக்கான வேறு வினை வடிவத்தைக் கேட்கும். இப்பள்ளங்கள் ஆங்கிலவழி நூலில் குறிக்கப்பட்டிரா. ஆங்கிலேயர் இங்கே விழுவதில்லை. அவர்கள் விழும் பள்ளங்கள் வேறு. தமிழர் விழும் இடங்களைத் தமிழில் எழுதப்பட்ட நூலே காட்ட முடியும்.

மரியாதை வழக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். ஸ்பானியத்தில் பெரியவரை 'உஸ்தெத்' என்று விளிப்பர். வினை மட்டும் படர்க்கையில் நிற்கும். 'தங்கள் கருணை' என்று பொருள்படும் பழந்தொடர் தேய்ந்து உஸ்தெத் ஆனதால் வந்த விளைவு. மடத்துத் தம்பிரானை நேரில் வைத்துக்கொண்டே 'சந்நிதானம் எப்போது புறப்படுவார்கள்?' என்று கேட்கும் மரபு நமக்குண்டு. தென்மாவட்டப் பேச்சில் அண்ணாச்சியிடமே 'அண்ணாச்சி எப்ப வாராக?' என்பார்கள். இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த ஆங்கில நூலில் தேடுவது?

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் ஒரு பழைய கடன். எதிர்த்திசையில் இந்த வேலையைப் பிறர் செய்து முடித்துப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த போர்த்துக்கீசியரான அண்ட்ரிக் அடிகளார், தமிழ் வினைகளைக் கால, இட, எண் வாரியாக அடுக்கித் தம் நாட்டவர்க்காகத் தம் மொழியிலேயே ஓர் இலக்கணம் எழுதினார். கையெழுத்துப் படியாகவே கிடந்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. அவர் வாயில் இருந்ததும் இதே எதிர்காலம்தான். கொமேர் என்ற வினை போர்த்துக்கீசியத்திலும் பெரிதும் இதே விகுதிகளைப் பெறுகிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்க'த்துக்கு எழுத்து வார்த்தவர்களில் ஒருவர் ஸ்பானியர். வீரமாமுனிவர் 1728இல் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார்; பிறகு தொன்னூல் விளக்கத்தைத் தமிழில் எழுதினார். பெஸ்கி என்ற அவருடைய இயற்பெயரைத் தாங்கிய இல்லமொன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவரும் தம் மாணவர்க்குத் தெரிந்த இலக்கணத்தைப் பாலமாகக் கொண்டு தெரியாததற்கு அழைத்துச் சென்றார்கள். அவர்கள் வைத்திருந்த இலத்தீன் வாய்பாடு தமிழுக்குப் பல இடங்களில் பொருந்தாத சட்டை; ஆயினும் முறை சரியானது. நம்மிடம் பொருந்துகிற சட்டையே இருக்கிறது, தைப்பாரைத்தான் காணோம். எங்கள் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் மதுரையிலும் தேடி வாங்கியவை யாவும் ஆங்கிலவழி நூல்களே.

ஆங்கிலம் தெரியாதவர்க்கு ஸ்பானியம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். அகராதியும் இலக்கியத் திறனாய்வும் ஆங்கிலத்தில்தானே குவிந்து கிடக்கின்றன என்பது அவர் வாதம். அதில் பாதி உண்மை. அகராதிக்கு ஆங்கிலம் வேண்டும். அதை எங்கள் மாணவியும் மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆறு மாதங்கள், வினை வாய்பாடு மனத்தில் படிய வேண்டிய காலம், தாய்மொழியில் கழிந்தால் போதும். பிறகு எந்த நூலையும் எட்டிப் பிடிக்கலாம். எங்கள் ஊரிலே நாகல்நகரில் சௌராஷ்டிரமும் பேகம்பூரில் உருதும் வீட்டுமொழிகள். அக்குழந்தைகள் தமிழுக்கு வர ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வருவதில்லை.

இலக்கிய வாசகர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு சுயநலமும் உண்டு. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 2013இல் தமிழில் வந்தபோது ஆங்கிலத்தின் வழியாகவே வந்தது. அந்த உழைப்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை; எங்களில் பலர் அதனாலேயே மார்க்வெஸ்ஸை அறிந்தோம். ஆனால் அந்த நாவலின் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தைப் பாருங்கள். துப்பாக்கிகளின் முன் நிற்கும் கர்னல், தொலைவான ஒரு பிற்பகலை நினைக்கிறார். அங்கே நினைத்தலைச் சொல்லும் வினை, இதுவரை நாம் பேசிய அதே அபெர் துணைவினையை இறந்தகாலத்தில் வைத்து, அதனோடு எச்சத்தைச் சேர்த்தது. இறந்தகாலத்துக்குள் நின்று எதிர்காலத்தை நோக்கும் வினை. நாவல் முழுதும் காலம் வளைவதற்கு அந்த ஒரு வினைத்தொடரிலேயே அடிக்கல் இருக்கிறது. 'நினைக்க இருந்தார்' என்று தமிழ் இதை உறுப்புக்கு உறுப்பு சொல்ல வல்லது. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நாங்கள் வாதிடவில்லை. ஓசை கருதி வேறு வடிவத்தைத் தேர்வது மொழிபெயர்ப்பாளர் உரிமை. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துத் தேரும் வாய்ப்பு அவருக்கு இருக்க வேண்டும் என்கிறோம். ஏறத்தாழ ஐம்பது கோடிப் பேரின் தாய்மொழியிலிருந்து, 20 நாடுகளின் ஆட்சிமொழியிலிருந்து நமக்கு வரும் பெரும்பாலானவை இன்னும் ஆங்கிலக் கண்ணாடி வழியே வருகின்றன.

அந்த மாணவி விடைபெறும் முன் ஒழுங்கற்ற வினைகளைப் பற்றிக் கேட்டார். எதிர்காலத்தில் பகுதி திரிவன அடிப்படையில் பன்னிரண்டே. விகுதி அவற்றிலும் மாறாது. வருதலைக் குறிக்கும் வெனிர், வெந்த்ரே ஆகும். "நம் வா என்ன ஆகும், அம்மா?" என்று எங்களில் மூத்தவர் கேட்டார். "வருவேன்" என்று சொல்லிவிட்டு, தாமே "பகுதி வா, வரு எனத் திரிந்தது விகாரம்" என்று விடைத்தாள் நடையில் முடித்தார்.

அடுத்த கூட்டத்துக்குள் எதிர்காலத்துக்கு மட்டும் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. வாய்பாடுகளை மாணவியே எழுதுகிறார்; நன்னூல் ஒப்பீடு எங்கள் பொறுப்பு. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் காட்டுவதில்தான் தடுமாறுகிறோம். அப்லார் என்று எழுதினால் ப் வல்லொலியாகிவிடுகிறது; விவிர் என்பதிலுள்ள வகரம் ஸ்பானியர் வாயில் பகரத்தை நெருங்குகிறது. ஸ்பானியத்தை நேரடியாகக் கற்றவர்கள், குறிப்பாக அந்நாடுகளில் வாழ்ந்து திரும்பிய தமிழர்கள், படியைப் பார்த்துத் திருத்தித் தந்தால் நன்றியுடையவர்களாவோம்.